கொடி எழுத்தில் உன் பெயர்

என் பிரியமுள்ள மச்சான் சின்னையாவுக்கு,

உன் மகள் ராசாத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பத்திரிகை அடிப்பது தாய்மாமன் நான்தான். சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய சேதி, ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் வருஷம் திரும்பப் போகிறது. ஈப்போவில் நாம் சேர்ந்து வேலை பார்த்த அச்சகம் அப்படியேதான் இருக்கிறது. சீமையிலிருந்து கப்பலில் வந்த அந்த வளைந்து நெளியும் இங்கிலீஷ் எழுத்துகளுக்குக் 'கொடி எழுத்து' என்று பேர் வைத்தாயே, அவையும் அதே பெட்டியில் இருக்கின்றன. முதலாளியை நச்சரித்து வாங்க வைத்தவன் நீ. வால் ஒடிந்துவிடும் என்று என்னைக்கூடத் தொட விடமாட்டாய். "ஒரு பெரிய எழுத்து, கேப்பிட்டல், முன்னால போவணும் மச்சான், சின்ன எழுத்துங்க கைகோத்துக்கிட்டுப் பின்னால வரணும்" என்பாய்.

சம்பந்தி சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி. தன்னைவிட இங்கிலீஷ் தெரிந்தவன் அங்கே இல்லை என்ற நினைப்பு அவருக்கு; பத்திரிகையையும் இங்கிலீஷில், அந்தக் கொடி எழுத்திலேயே கேட்டார். "எல்லாமே பெரிய எழுத்தா போடுங்க. சின்ன எழுத்துல போட்டா எங்க மரியாதை என்னாவுறது?" என்றார். அடுத்து அவர் சொன்னதை எழுதவே கை கூசுகிறது. "நல்ல காரியம்லா. செத்தவரு பேரு வேணாம். போட்டா இந்தச் சம்பந்தமே வேணாம்."

என் தங்கச்சி, "பேசாம இருண்ணே, பிள்ளை வாழ்ந்தா போதும்" என்று அழுகிறாள். ராசாத்தியோ, "அப்பா பேரு இல்லாத பத்திரிகை எனக்கு வேணாம் மாமா" என்றுவிட்டாள். நான் யார் பக்கம் நிற்பது?

குறுக்கு வழி ஒன்று தோன்றியது. கிராணி கேட்டபடியே எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் கோத்தேன். சுழியோடு சுழி பின்னிக்கொண்டு, கோத்த எனக்கே படிக்க வரவில்லை. அந்தப் புதருக்குள் உன் பெயரையும் வைத்து, ஒரு தாள் அடித்து எடுத்துப் போனேன். கிராணி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பிரமாதம்! இதான் பத்திரிகை" என்று தலையாட்டினார். படிக்க முடியவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? வெளியே வந்து நன்றாகச் சிரித்தேன்.

வீட்டில் ராசாத்தியிடம் அதே தாளைக் கொடுத்தேன். நீ சொல்லிக்கொடுத்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகத் தேடினாள். நான் விரல் வைத்துக் காட்டிய பிறகும் அவளுக்குப் பிடிபடவில்லை. "யாராலயும் படிக்க முடியலன்னா, பேரு போட்டு என்ன மாமா?" என்று கேட்டாள். என் சிரிப்பெல்லாம் செத்துவிட்டது.

கோத்ததைக் கலைத்துவிட்டேன். இப்போது ஒரு பெரிய எழுத்து, பின்னால் சின்ன எழுத்துகள், நீ சொன்ன மாதிரியே. உன் பெயர் தெளிவாக நிற்கிறது. ஆனால் கல்யாணம் நின்றுபோனால் தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பேன்? பயமாக இருக்கிறது மச்சான். நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?

காலை ரயிலில் சிலிம் ரிவர் போகிறேன். கிராணி சும்மா பார்த்துத் தலையாட்ட இந்தத் தடவை விடமாட்டேன். அவர் வாசலில் நின்று உன் பெயரை நானே சத்தமாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
உன் பிள்ளையின் தாய்மாமன்,
உன் மச்சான் வேலு