மெம்பர் புத்தகம் பார்வையிடும் நேரம்

22-2-37, திங்கள்

காலையில் பனி, பத்து மணிக்கெல்லாம் மண்டையைப் பிளக்கும் வெயில். வக்கீல் குமாஸ்தாவுக்கு வேலைகள்: ஸ்டாம்புப் பேப்பர் நாலு. வக்கீல் ஐயாவின் கறுப்புக் கோட்டு, வண்ணானிடம். முன்சீப் கோர்ட்டில் இரண்டு நகல் மனு. ஒன்றும் முடியவில்லை. வாசலில் அக்காவும் மச்சானும்.

அப்பா அக்கா பேருக்கு எழுதி வைத்த நாலு ஏக்கர், கிணற்றோடு. மூன்று வருஷத்துக்கு முன் நூல் மில் கம்பெனிக்குக் கொடுத்தது. விலைக்குப் பதில் பங்கு. மில் வரவில்லை. வந்தது ஒரு போர்டு, ஒரு காம்பவுண்டுச் சுவர், அங்கவஸ்திரம் போட்ட ஒரு காரியதரிசி. இப்போது சந்தையில் மச்சான் காதில் விழுந்த சேதி: வருகிற வெள்ளி கம்பெனியின் பொதுக்கூட்டம். நிலத்தை ஒரு டைரக்டரின் மருமகனுக்கே விற்கத் தீர்மானம்.

அக்காவுக்கு நோட்டீஸ் இல்லை. போய்க் கேட்டதற்குக் காரியதரிசி, "மெம்பர் பொஸ்தகத்துல உம்பட பேரு இருக்குதோ என்னமோ" என்றாராம். பேர் இல்லாவிட்டால் கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. நிலம் போச்சு.

கம்பெனிச் சட்டம் எனக்குத் தெரியும். மெம்பர் புத்தகத்தைத் தினம் இரண்டு மணி நேரமாவது பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும். மெம்பருக்கு இலவசம், வெளியாருக்கு ஒரு ரூபாய். பதினொரு மணிக்குக் கம்பெனிக்குப் போனேன். அங்கே குமாஸ்தா போர்டைக் காட்டினான். திங்கள் 7½ முதல் 9½. இன்றைக்கு முடிந்துவிட்டதாம். மற்ற நாட்களைக் குறித்துக்கொண்டேன்:

செவ். 3 - 5
புதன் 12 - 2
வியா. 1½ - 3½
வெ. 10½ - 12½
சனி 9 - 11

பைத்தியக்காரன் போட்ட அட்டவணை என்று நினைத்தேன்.

23-2-37, செவ்வாய்

பைத்தியம் இல்லை. ஆபீஸ் காலண்டரில் வாய்தா குறிக்கும்போது பட்டது. எல்லா நாளும் ராகு காலம் தொடங்குகிற நிமிஷத்தில் புத்தகம் திறக்கிறது! ஒன்றரை மணி ராகு காலம், மேலே அரை மணி சட்டத்துக்காக. இந்த ஜில்லாவில் எந்தக் குடியானவன் ரா.கா.வில் ஒரு காரியத்துக்குப் படியேறுவான்? பூட்டுப் போடாமலே பூட்டியாகிவிட்டது. மூளையில்லாதவர்கள் என்று இவர்களை நினைத்திருந்தேன். மூளை இருக்கிறது, வேறெதுவும் இல்லை.

மச்சானிடம் சொன்னேன். "ஏனுங்க மாப்ள, கெரகத்தோட வெளையாடலாமுங்களா? நேரம் கெட்ட நேரத்துல போயி, இருக்கற பேரும் இல்லாமப் போயிருச்சுன்னா?" எழுதின மை ராகுவைப் பார்த்து அழிந்துவிடுமாம். ஆறடி ஆள்.

மூன்றே காலுக்கு நானே போனேன். ஒரு ரூபாயை வைத்தேன். குமாஸ்தா பதறிவிட்டான். "இந்நேரத்துல பீரோவத் தொறக்கமாட்டனுங்க. நாலரை ஆகோட்டுமுங்க." நாலரை ஆனது. குமாஸ்தா ஐயா காப்பி குடிக்கப் போய்விட்டார். ஐந்து ஐந்துக்கு வெற்றிலையோடு திரும்பி, "நேரமாயிருச்சுங்களே" என்றார்.

கோட்டு இன்னும் வரவில்லை. வக்கீல் முகம் கடுகடு.

24-2-37, புதன்

பன்னிரண்டடிக்கும்போதே போய் நின்றேன். சட்டப் பிரிவைக் கையால் எழுதிக்கொண்டு போய் உரக்கப் படித்தேன். தடுத்தால் தடுத்தவன் பேரும் ரிஜிஸ்திராருக்குப் போகும் என்றேன். அவன் கண்ணை மூடி, முருகா என்று முனகி, முகத்தைத் திருப்பிக்கொண்டே சாவியைத் திருகினான். இடி விழவில்லை. ஒரு கரப்பான் மட்டும் ஓடியது.

பேர் இருக்கிறது. ஒன்பதாம் பக்கம், அக்காவின் இடது கை ரேகையோடு.

அதுமட்டுமல்ல. ஊர்க்காரர்கள் இன்னும் பதினெட்டுப் பேர், நிலம் கொடுத்தவர்கள். பத்தொன்பது பேர் பங்கையும் கூட்டினால் டைரக்டர்கள் அத்தனை பேரையும் விட அதிகம். கை தூக்கினால் போதும், தீர்மானம் செத்தது. இதைத்தான் ராகுவைக் காவல் வைத்து மறைத்திருக்கிறார்கள். பேர்களை எழுதிக்கொண்டேன்.

25-2-37, வியாழன்

வாடகைச் சைக்கிள். வழியில் பஞ்சர். ஊரில் வீடு வீடாகப் பதினெட்டுப் பேரிடமும் சொன்னேன். "நாளைக்குப் பத்தரைக்குக் கூட்டம், உள்ளே இருக்கணும்."

"வாரோமுங்க. வெள்ளிக்கெளம பத்தரை ராகு காலமாச்சுங்களே. பன்னண்டுக்கு மேல வந்தா ஆகாதுங்களா?"

பன்னிரண்டுக்கு மேல் காலி நாற்காலியைத்தான் பார்க்கலாம் என்றேன். தலையாட்டினார்கள். பூம்பூம் மாடுகள்.

சாயங்காலம் வக்கீல் கூப்பிட்டார். "நாளைக்கு மில் கூட்டத்துக்கு நான் போறேன். கம்பெனிக்கு யோசனை சொல்ல. ஃபைலைக் கட்டி வை." கட்டி வைத்தேன். பட்டியல் என் சட்டைப்பையில். தெரிந்தால் வேலை போகும்.

26-2-37, வெள்ளி

வெயில். பத்தே காலுக்குப் பதினெட்டுப் பேரும் வந்துவிட்டார்கள், கம்பெனிக்கு எதிர்க் காப்பிக் கடைக்கு. விபூதி, புதுத் துண்டு, எல்லாம் சரி. தெருவைத் தாண்ட மட்டும் கால் வரவில்லை. கோழைகள், ஆடுகள், வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். மச்சான் குனிந்த தலை நிமிரவில்லை.

அக்கா எழுந்தாள். "ராகு காலம் அந்த நெலத்த எழுதிக் குடுத்தன்னைக்கே எனக்கு வந்திருச்சு. இனி என்னத்தப் புதுசா வரப்போவுது? தம்பி, நீயும் வா சாமி. அவங்க காயிதத்தக் காட்டுனா படிச்சுச் சொல்ல ஆளு வேணும்."

கம்பெனி வாசலில் வக்கீலின் செருப்பு. பளபளவென்று, நேற்று நான் துடைத்து வைத்தது.

"நான் மெம்பர் இல்லக்கா" என்றேன்.

அவள் மட்டும் தெருவைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது வெளியே வந்தாள். முகமெல்லாம் வேர்வை. "என்ற பேர மொதல்ல பொஸ்தகத்துல பாத்துச் சொல்லுங்க, அப்பறம் விப்பீங்களாமான்னு உக்காந்துட்டேன். நோட்டீஸ் குடுக்காம விட்டது தப்புன்னு அவங்களுக்குள்ளயே பேச்சாயி, ஒரு மாசம் தள்ளி வெச்சுட்டாங்க."

குரலைத் தாழ்த்தினாள். "பேரு இருக்குதுன்னு ஆரு சொன்னதுன்னு உங்க வக்கீலு கேட்டாரு. ஆரும் சொல்லலீங்க, நானே படிச்சுப் பாத்தனுங்கன்னு சொல்லிட்டேன். நீ பயப்படாத."

கைநாட்டு வைக்கிற அக்கா.

பன்னிரண்டு அடித்தது. பதினெட்டுப் பேரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.