ரிப்பன் கட்டிய நாற்காலி

மே 14, 1957. செவ்வாய்

காலையில் மூடுபனி. கொஞ்சம் வெயில், பிறகு தூறல். துணி காயவில்லை.

போதகரம்மா வந்திருந்தார். சனிக்கிழமை பழைய வீடுகளைத் திறந்து காட்டுகிறார்களாம், நம் வீடும் உண்டாம். சீசனுக்கு மலைக்கு வந்தவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் பார்ப்பார்கள். பணம் சபைக் கோவில் கூரைக்கு. குடியிருக்கிற வீட்டில் ஊரார் செருப்புச் சேறா, முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். போதகரம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"எஸ்தர், திண்டுக்கல்லுல ஒரு வாத்தியாரு. நல்ல குடும்பம். தாயும் மகனும் சனிக்கெழம கூட்டத்தோட கூட்டமா வந்து ரூத்தைப் பாத்துட்டுப் போறாங்களாம். பொண்ணு பாக்க வாறோம்னு சொன்னா எல்லாரும் வேசங்கட்டிருவாங்க, வீட்டை வீடா பாக்கணும்னு அந்தம்மா சொல்லுது. ரூத்துகிட்ட மூச்சு விட்ராதே."

"எப்படி இருப்பாங்க, எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் வந்து காட்டித் தாரேன்."

ஒப்புக்கொண்டேன். மகள் ரூத்திடம் சொன்னால், வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். இரண்டு இடம் வந்து காப்பி குடித்து, "பெறகு சொல்றோம்" என்று போனதோடு சரி. "இனிமே டிரே தூக்க மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டாள். அவள் நிம்மதியாகத்தான் இருக்கிறாள். தூக்கம் போனது எனக்கு.

மே 16, வியாழன்

மழை இல்லை. வெள்ளனே எழுந்து பித்தளைக்குப் புளி போட்டாயிற்று. முதுகு போச்சு.

காட்ட வேண்டியவை:
மிதி ஆர்மோனியம் (இரண்டு கட்டை பேசாது).
மாமனாருக்கு வெள்ளைக்காரத் துரைசானி தன் ஊருக்குப் போகும்போது கொடுத்த நீலப் பூப் பீங்கான். ஒரு மூடி உடைசல், சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கணும்.
சுவர்க் கடிகாரம்.
காட்டெருமைக் கொம்பு. பார்த்தாலே எரிச்சல். ஆனால் வருகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.
பெரியகுளத்து வெண்கல அண்டா.
அவர் நாற்காலி (ரூத்தின் அப்பா உட்கார்ந்தது).

காட்டக் கூடாதவை: ஒழுகுகிற பின்னறை. என் கட்டில். சமையலறை.

ரூத் கேட்கிறாள், "கோவில் கூரைக்கா இம்புட்டுப் பாடு? எனக்குப் புதுச் சேலை எதுக்கும்மா?" விசேஷம் என்றேன். நம்பினாளோ என்னமோ.

மே 17, வெள்ளி

மூடுபனி. எதிர் வீடு தெரியவில்லை.

நாற்காலியைத் துடைத்தேன். ஈட்டி மரம், அவர் அப்பா செய்வித்தது. அவர் போனபின் யாரும் அதில் உட்காருவதில்லை. யாரும் விதி போடவில்லை, அப்படி ஆகிவிட்டது. சாய்ந்தால் ஒரு சத்தம் போடும். எண்ணெய் விடுங்கள் என்று நச்சரித்துக்கொண்டே இருப்பேன். விட்டதே இல்லை மனுஷன்.

ஒரு கைப்பிடியிலிருந்து மறு கைப்பிடிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினேன். கண்ட கண்டவர்களும் உட்கார்ந்தால்?

கேக் நன்றாக வந்திருக்கிறது. அடி மட்டும் கருகல்.

மே 18, சனி

கை ஓய்ந்துபோய் எழுதுகிறேன்.

போதகரம்மா வரவே இல்லை. வேறொரு வீட்டில் டிக்கெட் கிழிக்க ஆள் இல்லையாம். வருகிறவர் முகத்தையெல்லாம் நானே பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாத் தாய்க்கும் ஒரு மகன் இருக்கிறான்!

மத்தியானம் கார் வந்தது. பட்டுச் சேலை அம்மாள், கோட்டுப் போட்ட பையன். இவர்கள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். நீலப் பீங்கானில் கேக். ரூத்தைக் கூப்பிட்டு ஆர்மோனியம் வாசிக்கச் சொன்னேன், அந்த இரண்டு கட்டையைத் தவிர்த்து. அந்தம்மா கேட்டுவிட்டு, "கொம்பு வெலைக்குக் குடுப்பீங்களா?" என்றார். கோயமுத்தூர் ஜவுளிக்கடைக்காரர்கள். பையனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கிறது.

மிச்சக் கேக்கை உள்ளே வைக்கப் போனேன். கூடத்தில் அந்தச் சத்தம். அவர் சாய்கிற சத்தம். ஓடி வந்து பார்த்தால் ரிப்பன் தரையில் கெடக்கு, நாற்காலியில் யாரோ ஒரு பொம்பளை. நூல் சேலை, கழுத்தில் ஆம்பளை மப்ளர், காலெல்லாம் சேறு.

"எந்திரிங்க! அது உக்கார்றதுக்கு இல்ல!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "மன்னிச்சுக்கங்கம்மா, ஏத்தம் மூச்சு வாங்கிருச்சு" என்று எழுந்தது அந்தம்மா. கூட நின்ற ஒல்லிப் பையன் குனிந்து ரிப்பனை எடுத்துப் பழையபடி கட்டினான். ரூத் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவர்களை நேரே சமையலறைக்கு அழைத்துப் போய்விட்டாள். ஒட்டன்சத்திரத்து வெங்காய மூட்டைக்கு நடுவில்!

மே 19, ஞாயிறு

கோவில் விட்டதும் போதகரம்மா சிரித்துக்கொண்டே வந்தார். "எப்படி, பாத்தியா? மகன் ஒல்லியா, மப்ளர் போட்ட அம்மா?"

அதுவரை கேட்ட பிரசங்கம் அத்தனையும் மறந்துபோயிற்று. மத்தியானம் சாப்பிடவில்லை. கேக் தந்தது கொம்பு கேட்டவளுக்கு. என் பிள்ளையின் வாழ்க்கையை ஒரு மரச்சாமானுக்காகக் கெடுத்துவிட்டேன்.

மே 20, திங்கள்

தூறல். ரூத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பாக்க வந்ததுக்குக் கோவம் இல்லம்மா. வயசானவங்கள எந்திரிக்கச் சொன்னீங்களே, அதுக்குத்தான்."

பிறகு அவளாகவே, "அந்தம்மா நல்லாப் பேசினாங்க. அடுப்புகிட்ட கால் காய வச்சுகிட்டு, அண்டா எந்த ஊருன்னு கேட்டாங்க. அவரு பேசவே இல்ல. சுக்குக் காப்பி குடிச்சிட்டு டம்ளரைக் கழுவிக் கவுத்து வச்சாரு."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பார்த்துவிட்டேன். ஆண்டவரே, இவளுக்குப் பிடித்திருக்கிறது.

மே 23, வியாழன்

செய்தி இல்லை. கடிகாரம் நின்றுவிட்டது.

சாயங்காலம் போதகரம்மா. சனிக்கிழமை ஊருக்கு இறங்குமுன் வருவார்களாம். எதற்கென்று சொல்லவில்லை. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லவும் வரலாம். அவர்கள் அப்படிச் செய்தாலும் தப்பில்லை.

மே 25, சனி

நல்ல வெயில். ரிப்பனைக் காலையில் நானே அவிழ்த்தேன். அந்தப் பையன் போட்ட முடிச்சு, வெரசா அவிழவில்லை.

வந்தார்கள். அதே மப்ளர். அந்தம்மா கூடத்தின் நடுவில் நின்றது நின்றபடி. பெஞ்சைக் காட்டினேன். பார்க்கவில்லை. நாற்காலியைத்தான் பார்த்தார், பயந்தவர் மாதிரி. ரூத் கதவோரம். டிரே இல்லை. பையன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு.

மன்னிப்புக் கேட்கச் சொற்களை இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு அந்தம்மாவின் கையைப் பிடித்து நாற்காலிப் பக்கம் கூட்டிப் போனேன்.

"வேண்டாங்க, அது பெரியவரு நாற்காலி. ரூத்து சொல்லுச்சு."

"உக்காருங்க சம்பந்தி."

வாயில் வந்துவிட்டது. இன்னும் ஒருவரும் ஒன்றும் முடிவு சொல்லவில்லை. கூசிப்போய் நின்றேன்.

அந்தம்மா என்னைப் பார்த்தார். ரூத்தைப் பார்த்தார். சேலையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்தார்.

அதே சத்தம். எண்ணெய் விட வேண்டாம்.