சட்டைப் பையில் ஒரு சீட்டு

இன்று அசாம் ஜாவா டவுன் காப்பிக் கடையில் என் மானம் போனது. நம் மகள் பல்கலைக்கழகத்தில் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். "முட்டை சம்பந்தமா," என்றேன். "அப்ப நமக்கு ஒரு தட்டு முட்டை வெல கொறச்சிக் கெடைக்குமா லா?" என்றார். வீட்டுக்கு வந்ததும் அவளுக்கே போன் போட்டேன்.

நீ கண்ணை மூடி ஆறு வருஷமாகிறது. இருந்தவரை உனக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவள் படித்துக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமைகளில் பஸ்ஸில் நம் செம்பனை எண்ணெய் எஸ்டேட்டுக்கு வருவாள். லயத்து வீட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு "வந்துட்டேன்ப்பா". மீதிப் பேச்செல்லாம் அடுப்படியில் உனக்கு. நான் மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை போனவன்; நீ ஆறாம் வகுப்பு. இந்த நியாயம் எனக்குப் புரிந்ததே இல்லை. பேப்பரில் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படித்தபடி ஒட்டுக்கேட்பேன்.

ஒரு சனிக்கிழமை அவள் சொன்னாள்: முட்டை உருவாகும் சினைப்பையின் செல்லில் ஹார்மோன் வந்து சேர வாசல்கள் உண்டு. வாசல் செய்யச் சொல்லி உள்ளே ஒரு சீட்டு போகும், எம்.ஆர்.என்.ஏ. என்று பெயர். ஹார்மோன் வெள்ளமாக வந்ததும் சீட்டு குறைந்துபோகிறது, வாசலும் குறைகிறது. சீட்டை யார் எடுக்கிறார் என்றுதான் தெரியவில்லை.

நீ வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அதுக்குன்னு தனியா ஆளு இருக்காதுடி. வேற வேலையா போறவன்தான் எடுத்திருப்பான். ஒங்கப்பாவப் பாரு. செம்பனைக் கொல ஏத்தற லோரிதான் ஓட்டறாரு. ஆனா கணக்கெழுதற கிராணி சாமான் கேட்டு ஸ்டோருக்குக் குடுத்துவிடற சீட்டெல்லாம் இவரு சட்டப் பையில. தொவைக்கிறப்ப கூழாத்தான் வருது."

இரண்டு பேரும் சிரித்தீர்கள். அது போகட்டும். சிரித்து முடித்தபின் அவள் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

இன்று போனில் எனக்குப் பொறுமையாகவே சொன்னாள். சீட்டை எடுக்கும் ஆள் அகப்பட்டு வெகுகாலமாகிறதாம். கொலஸ்ட்ரால் உண்டாக்கும் வேலையில் இருக்கும் ஒரு என்சைம். சீட்டைப் பிடித்துக்கொள்ளுமாம், படிக்கவும் விடாது, சீட்டும் சீக்கிரம் சிதைந்துபோகும். நம் துணி வாளியில் மிதந்த கூழ் நினைவுக்கு வந்தது. செத்தும் ஜெயித்துவிட்டாயே என்று வயிறு எரிந்தது.

அப்போதுதான் அவள் சொன்னாள்: "கிளாஸ்ல இத நடத்தறப்பல்லாம் ஒங்களத்தான்ப்பா நெனச்சிக்குவேன். வேற வேலைக்காரனாத்தான் இருக்கும்னு அன்னிக்கே சொன்னீங்களே. எங்கப்பா லோரி ஓட்டுனவரு, அவருக்கே தோணிச்சின்னு பசங்ககிட்டச் சொல்லுவேன்."

நான் "ம்" என்றேன்.

"அதைச் சொன்னது உன் அம்மா" என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நீ அவளுக்குக் கொடுத்த சீட்டு இப்போது என் சட்டைப் பையில் கிடக்கிறது. துவைக்கும்போது எடுத்துக் காட்ட நீ இல்லை.