அசுபாள் என்று பெயர் வைத்த கதை

வட்டவளை
9-12-1957

என் அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அசுபாள் என்றால் எபிரெய மொழியில் ‘கைவிடப்பட்டவள்’ என்று அர்த்தமாமே! நர்ஸ் விடுதியில் யாரோ புத்தகம் பார்த்துச் சொன்னதும் அழுதாயாம். பெயரை மாற்ற நீ அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். புதுப் பெயரை நீயே எழுதிக்கொள். நான் தேடிய லட்சணம்தான் தெரியுமே.

உன் ஞானஸ்நானத்தன்று அம்மா பிள்ளை பெற்ற உடம்போடு தோட்டத்து லயத்தில், நம் ஒற்றை அறையில் படுத்திருந்தாள். அவள் சொல்லி அனுப்பிய பெயர், கோயில் மேடு ஏறுவதற்குள் எனக்கு மறந்துவிட்டது. பாதிரியாருக்கோ மழைக்கு முன் அடுத்த தோட்டம் போகிற அவசரம். கண்ணை மூடி வேதாகமத்தில் விரல் வைத்தேன். ஒரு ராஜாவுடைய தாயின் பெயர் அகப்பட்டது. ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? பெருமையோடு வந்து சொன்னேன்.

“ஒரு பேரக் குடுத்தனுப்புனா, அதையும் வழியில தொலைச்சுட்டு வர்றீங்களே! நல்லவேள, புள்ளையத் தொலைக்கல!” என்றாள் அம்மா.

எப்படித் தொலைப்பேன்? அந்த இரண்டு மைல் மழையிலும் உன்னைக் கம்பளிக்குள் நெஞ்சோடு சேர்த்துத்தான் கொண்டுவந்தேன். நான்தான் நனைந்தேன்.

கிறிஸ்மஸுக்கு வருவதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எதற்கும் இருபத்துநாலாம் திகதி ஸ்டேஷனில் காலை ரயிலுக்கும் நிற்பேன், மாலை ரயிலுக்கும் நிற்பேன். புதுப் பெயரை முன்கூட்டியே எழுது. சத்தமாகக் கூப்பிட வேண்டும். இந்த முறை மறக்காமல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

உன் மறதிக்கார
அப்பா