பெஹ்ரூஸ் தொலைக்காட்சிக்குப் போவது பற்றி

16 மார்ச் 2006, வியாழன்

ஈரப்பனி. ஸ்டோவ்னரில் ரயில் தாமதம். நீச்சல்குளக் கட்டடத்தின் காற்றோட்ட வரைபடம் இன்னும் பாதி. வாங்க: பால், அப்பாவின் இருமல் மருந்து.

மதியம் பெஹ்ரூஸ் சாப்பாட்டுப் பாண்பெட்டியோடு என் மேசைக்கு வந்தார். இரண்டு வருடமாகப் பக்கத்து மேசை. வேலைநாளில் என்னைப்போலப் பொறியியலாளர். சனிக்கிழமைகளில் ஒஸ்லோவின் சின்னப் பாரசீக வானொலியில் வானியல் சொல்பவர். (நாங்கள் கதைப்பது நோர்வேஜிய மொழி, அதில் எல்லாரும் 'நீ'. அவர் பேச்சை எழுதும்போது மட்டும் 'நீங்கள்' என்றே வருகிறது.)

லண்டனிலிருந்து ஒரு பாரசீகத் தொலைக்காட்சி கேட்டிருக்கிறதாம். வாரம் அரை மணி. அங்கத்தைய அரசுக்குப் பிடிக்காத சேனல்தான், என்றாலும் ஈரானுக்குள்ளும் டிஷ் வைத்துப் பார்ப்பார்கள்.

"அதில முகம் காட்டினா, பிறகு தெஹ்ரான் போக ஏலாது. விமான நிலையத்திலயே பிடிப்பாங்கள்."

அவருடைய அம்மா அங்கே தனியாக. ஒவ்வொரு கோடையும் போய்வருவார்.

"நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

"தொலைக்காட்சிக்குப் போங்கோ," என்றேன். யோசிக்கவேயில்லை.

இரவு யோசித்தேன். வானியற்பியலை விட்டு, வேலை கிடைக்கிற படிப்புக்கு மாறினவள் நான். எனக்காகத்தான் சொன்னேனோ.

20 மார்ச், திங்கள்

தெளிந்த வானம், கடும் குளிர். ஈரானியருக்குப் புத்தாண்டு. சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் அதே கணம், உலகம் முழுக்க. வானொலியில் சிறப்பு நிகழ்ச்சி, பெஹ்ரூஸ். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அலுவலகத்தில் கேட்காத குரல். அவசரமில்லாமல், சிரிப்போடு. நோர்வேஜிய மொழியில் அவர் எப்போதும் சொல்லைத் தேடித்தேடித்தான் பேசுவார்.

அம்மா குசினியிலிருந்து: "ஆரடி உது, ராசிபலன் சொல்லுறவரோ?"

"இல்லையம்மா, என்ரை வேலையிடத்து ஆள். நட்சத்திரங்களைப் பற்றிக் கதைக்கிறார்."

"அப்ப ராசிபலன்தானே."

புத்தாண்டுக் கணத்தை விளக்கினேன்.

"எங்கட வருசப்பிறப்புக்கெண்டா ரெண்டு பஞ்சாங்கம், ரெண்டு நேரம். இவைக்கு ஒண்டுதானோ?"

"ஓம்."

"தவறவிட்டா என்ன செய்யிறது?"



22 மார்ச், புதன்

தலையிடி. வரைபடம் முடிந்தது. பெஹ்ரூஸ் பிஸ்தா இனிப்புக் கொண்டுவந்தார், நான் இரண்டு.

கணத்தை ஊருக்கெல்லாம் எண்ணிச் சொன்னவருக்குத் தன் அம்மாவோடு பேச லைன் கிடைக்கவில்லையாம். வெகுநேரம் கழித்துத்தான் கிடைத்ததாம். தொலைக்காட்சி பற்றிச் சொன்னாராம். பாதியை மட்டும்.

"அழுதுபோட்டா, சந்தோசத்தில. கட்டடம் முழுக்கச் சொல்லியாச்சாம். கோடைக்கு வரேக்க எங்கட டிஷ்ஷை ஒருக்காத் திருப்பிவிடு, நீ இன்ஜினியர்தானே எண்டா."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"சரியம்மா எண்டனான்."

லண்டனுக்கும் நேற்றுச் சரி சொல்லிவிட்டார். நான் சொன்னதால்தான் துணிவு வந்ததாம். நன்றி வேறு.

24 மார்ச், வெள்ளி

மழை. நடைபாதையெல்லாம் கரைந்த பனிச்சேறு, சப்பாத்து நனைந்தது. கோடை விடுமுறைக் கூட்டம், யாருக்கு எந்த வாரம் என்று. மேலாளர் பெஹ்ரூஸிடம்: "நீ வழமைபோல ஜூலையில ஊருக்குத்தானே?"

"இல்லை. இந்த முறை இஞ்சைதான்."

"நல்லது. எங்கட கோடையையும் ஒருக்காப் பார்."

"மழைக்கோட்டு வாங்கி வை," என்றார் யாரோ. எல்லாரும் சிரித்தார்கள். பெஹ்ரூஸும்.

அவருடைய ஜூலை வாரங்கள் காலி. யாருக்காவது வேண்டுமா என்று மேலாளர் கேட்டார். நல்ல வாரங்கள், ஒருபோதும் எனக்குக் கிடைப்பதில்லை.

கையை உயர்த்தினேன்.