கோட்டின் மேல் கோடு

மார்ச் 4

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரிக்க மனசு வரவில்லை, அதனால் விசாரிக்கவில்லை. போனில் பேசினால் நடுவில் கொஞ்சிப் பேச்சை மாற்றிவிடுவாய். காகிதத்திடம் உன் கொஞ்சல் செல்லாது.

நீ அனுப்பிய கம்பெனிப் பத்திரிகை வந்தது. உன் படம் நன்றாக இருக்கிறது. தொப்பை தெரியாமல் எடுத்திருக்கிறார்கள். கீழே இங்கிலீஷில் இருந்ததை மருமகள் தமிழில் படித்துக் காட்டினாள். "கணினியைக் கண்டாலே மிரளும் வயதான உறவினர் ஒருவர், கோடுகள் புரியாமல் திணறுவதைப் பார்த்தபோது இந்த யோசனை எனக்கு உதித்தது." இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். இரண்டாவது தடவை அவள் குரல் இறங்கிவிட்டது.

யாருடா மிரண்டது? இருபத்திரண்டு வருஷமாக இந்த ஸ்டிக்கர் கடையில் உங்கள் கம்பெனி மென்பொருளில்தான் வரைகிறேன். நான் வரைந்த கோட்டின் மேல்தான் மெஷின் கத்தி ஓடுகிறது. போன வருஷம் ஜூன், வியாழக்கிழமை. நீ கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாய், இடது கையில் பொத்தான் இல்லை. திரையைக் காட்டி என்ன சொன்னேன்?

"ரெண்டு உருவத்தை ஒட்டி வெச்சா நடுவுல ஒரே இடத்துல ரெண்டு கோடு விழுது. கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். கத்தி ரெண்டு தடவை ஓடி, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிற அடிக்காகிதத்தையும் அறுத்துடுது. மெஷினுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்த இடத்தைச் சிவப்பாக் காட்டச் சொல்லுடா உங்க ஆளுங்ககிட்ட."

டீ ஆறிப்போகிற வரைக்கும் எழுதிக்கொண்டாய். இப்போது அது உனக்கு உதித்ததா?

நாலாவது படிக்கும்போது நான் வரைந்து கொடுத்த கப்பலை நீ வரைந்ததாகக் காட்டிப் பென்சில் டப்பா பரிசு வாங்கினாய். அதையே நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

இப்படிக்கு,
அக்கா

மார்ச் 11

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர் கை சுட்டிருக்கும் போலிருக்கிறது.

பெரிய இடங்களில் எதையும் கதையாகச் சொன்னால்தான் காது கொடுப்பார்கள் அக்கா. யாரோ ஒருவர் கஷ்டப்பட்டார், நாம் தீர்த்துவைத்தோம் என்று சொல்ல வேண்டும். உன்னைக் குறைத்துச் சொல்லும் எண்ணமே இல்லை. உன் பெயர் அங்கே யாருக்குத் தெரியும்?

புதுப் பதிப்பைப் போட்டுப் பார். நீ கேட்டதைவிட ஒருபடி மேலே. சிவப்பாகக் காட்டுவதோடு நிற்காது, இரண்டாவது கோட்டை அதுவே அழித்துவிடும். உனக்கு வேலை மிச்சம். போட்டுப் பார்த்துவிட்டுக் கோபத்தை ஆற்றிக்கொள். மருமகளுக்கு என் அன்பு.

உன் தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

போட்டுப் பார்த்தேன்.

காட்டு என்றேன். அழி என்றா சொன்னேன்?

பன்னிரண்டு ஆம்புலன்ஸுக்கு ஸ்டிக்கர் வேலை. வெளிச்சம் பட்டால் மின்னுகிற தாள், தடிமனானது. கத்தி ஒரு தடவை ஓடினால் பாதி ஆழம்தான் இறங்கும். அதற்காகவே ஒவ்வொரு எழுத்துக்கும் கோட்டின் மேல் கோடு வைத்து வரைந்திருக்கிறேன். அந்தப் பழைய வரைபடத்தைப் புதுப் பதிப்பில் திறந்தேன். உன் மென்பொருள் ஒரு வார்த்தை கேட்காமல் என் இரண்டாவது கோடு அத்தனையையும் துடைத்துவிட்டது. வெட்டி முடித்து உரித்தால் எழுத்தெல்லாம் ஈரக் காகிதம் மாதிரிப் பிய்கிறது. மூன்று நாள் ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கையால் அறுத்தேன். கட்டை விரல் மடங்கவில்லை, மருமகள்தான் சோறு பிசைந்து தருகிறாள். இந்தக் கடிதமும் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவதுதான்.

அந்த வியாழக்கிழமையே இதையும் சொல்ல ஆரம்பித்தேன். நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாய், அப்படியே வண்டி ஏறிவிட்டாய். பாதியைத் திருடியவனுக்குப் பாதிதான் இருக்கும்.

இன்னும் கேள். விரல் பழகிய இடத்தில் இருந்த கட்டளைகளைத் தூக்கி வேறு பக்கம் வைத்தவன் எவன்? அவன் வீட்டு உப்பு டப்பாவைத் தினம் ஒரு அலமாரியில் வைத்தால் அவன் பெண்டாட்டி சும்மா விடுவாளா? வரைபடத்தை அடுக்கு அடுக்காகப் பிரித்து ஒவ்வொரு அடுக்குக்கும் பெயர் வைத்திருந்தேன், வெள்ளைத் தாள், சிவப்புத் தாள், கதவுக்கு, கண்ணாடிக்கு என்று. திறந்து பார்த்தால் எல்லாம் வெறும் எண். பெற்ற பிள்ளைகளை எண் சொல்லியா கூப்பிடுகிறீர்கள் உங்கள் ஊரில்?

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

விரல் எப்படி இருக்கிறது? வெந்நீரில் வைத்து எடு.

நீ மட்டும் இல்லை அக்கா. ஸ்டிக்கர் கடைகள், பெயர்ப்பலகைக் கடைகள் என்று முந்நூறு புகார் வந்திருக்கிறது. நேற்றுக் கூட்டத்தில் மேலாளர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "எந்தக் கோட்டை விடணும், எதைக் காட்டணும்னு மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? உங்க யோசனைதானே, நீங்களே சொல்லுங்க." அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று தவணை வாங்கியிருக்கிறேன்.

உனக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வரி எழுதிப் போடு. என் வேலை அதில்தான் தொங்குகிறது.

உன் தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

தெரியும். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து முழுசாக வரைந்தும் வைத்துவிட்டேன். உனக்கு அனுப்ப மாட்டேன்.

கூட்டத்தில் எழுந்து நின்று, இது யார் சொன்னது என்று சொல். பிறகு அந்த மேலாளரிடம் என் வாயால் சொல்கிறேன். அதுவரைக்கும் விரலைப் பற்றியெல்லாம் நீ விசாரிக்க வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 24

என் அன்பான அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். இப்போது திருப்தியா?

நான் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. மேலாளர் சிரித்துக்கொண்டே, "அப்ப அவங்களையே கூட்டிட்டு வாங்க" என்றார். மே பதினாலாம் தேதி நீ வந்து விளக்க வேண்டும். அடுத்த பதிப்பில் உன் பெயர் வரும். அவர்கள் ஓட்டலில் அறை போடுகிறோம் என்றார்கள், நம் வீடு இருக்கும்போது எதற்கு என்று நான் மறுத்துவிட்டேன். இவள் மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறாள்.

உன்னைப் பற்றி எப்படிச் சொன்னேன் தெரியுமா? "பாவம், அஞ்சாவது கூட முடிக்கல. ஆனாலும் அவங்களுக்கே தெரியாம எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லியிருக்காங்க பாருங்க" என்றேன். அத்தனை பேரும் கை தட்டினார்கள் அக்கா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உன் வரவை எதிர்பார்க்கும்,
தம்பி

மே 2

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

எனக்குத் தெரியாமல் நான் எதையும் சொல்லவில்லை. நான் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தே சொன்னது.

அஞ்சாவது முடிக்கவில்லை என்று சொன்னீர்களே, ஏன் முடிக்கவில்லை என்றும் சொன்னீர்களா? அம்மா படுக்கையில் கிடந்த வருஷம், உங்களுக்கு இரண்டு வயது. வகுப்பு டீச்சர் இரண்டு தடவை வீடு தேடி வந்தார்கள். இரண்டு தடவையும் உங்களை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். இரண்டாவது தடவை என் தோளில் பால் கக்கினீர்கள். இதைச் சொல்லியிருந்தால் அவர்கள் கை தட்டியிருப்பார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது.

பதினாலாம் தேதி வருகிறேன். மற்ற ஸ்டிக்கர் கடைக்காரர்களின் தாள் வீணாகக் கூடாது என்பதற்காக வருகிறேன். மெல்லிய தாள், தடித்த தாள் இரண்டும் கொண்டு வருவேன். மேலாளருக்குத் தனியாக எழுதிவிட்டேன். ஓட்டலில் அறை போட்டுவிட்டதாகப் பதிலும் வந்துவிட்டது. மாடி அறையில் பழையபடி சாமான்களைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் நீங்களும் இருப்பீர்கள். புரியாத இடத்தில் மற்றவர்கள் மாதிரிக் கையைத் தூக்கிக் கேளுங்கள், பதில் சொல்கிறேன். அக்கா என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டேன்.

இங்ஙனம்,
ஸ்டிக்கர் கடை உரிமையாளர்