நரி முகத்தில் முழித்த ஊர்

ஆவூர்,
ஞாயிறு பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்புள்ள அருளம்மாளுக்கு,

உன் வீட்டுக்காரன் மைக்கேல்சாமி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நான் சுகம், ஆடுகளும் சுகம். நீயும் அந்தக் குவைத் வீட்டில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இடுப்பு வலிக்குத் தைலம் கேட்டிருந்தாயே, அதையும் நாரத்தங்காய் ஊறுகாயையும் ஜோசப்பிடம் கொடுத்துவிடுகிறேன். அவனுக்கு லீவு முடிந்துவிட்டது. குவைத் வந்து சேர்ந்ததும் உன்னைப் பார்ப்பான்.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் நரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியைக் கேட்கமாட்டாய். கடிதம் என்றால் முழுசாகப் படித்துவிட்டுத்தான் திட்டுவாய்.

போன பங்குனியில் தைலமரக் காட்டை வெட்டி, பொக்லைன் வைத்து வேர் பறித்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். பறித்த மண்ணுக்குள் குட்டிகள் நசுங்கிக் கிடந்தன. ஒன்று மட்டும் முனகியது. கண் சரியாகத் திறக்கவில்லை, அழுக்கு நிறத்தில் பஞ்சு மாதிரி இருந்தது. நாய்க்குட்டி என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. துண்டில் சுற்றி எடுத்து வந்து, மருந்து விடுகிற பில்லரில் சொட்டுச் சொட்டாக ஆட்டுப்பால் கொடுத்தேன். பிழைக்கும் என்று நான் நினைக்கவில்லை. பிழைத்துவிட்டது. டைகர் என்று பெயர் வைத்தேன்.

என் கட்டிலுக்கடியில்தான் தூங்கும். நான் கொல்லைக்குப் போனால் பின்னாலேயே வரும். சோறு தின்னும், வெள்ளரிப்பழம் தின்னும், மீன் தலை என்றால் உயிர். ஆனால் குரைக்காது. வாயில்லாத நாய் போல என்று நினைத்துக்கொண்டேன். ஆடி மாதம் ஒரு நாள் சாயங்காலம் கோயில் மணி அடித்தது. அது மூக்கைத் தூக்கி ஒரு ஊளை விட்டது பார், அடுத்த தெரு செம்மல் லாரியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். வந்து பார்த்துவிட்டு, "சித்தப்பா, இது நாயில்ல, நரி" என்றான். அன்றைக்கு நீ போனில் என்ன சத்தம் என்று கேட்டாயே, டி.வி. என்று சொன்னேனே, அதுதான் அது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நரி முகத்தில் முழித்தால் காரியம் ஜெயம் என்று விடியுமுன்னே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். லோனுக்குப் போகிறவர்கள், விசா இண்டர்வியூவுக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை வீட்டார் என்று ஒரே கூட்டம். கண்ணை மூடிக்கொண்டு படலைப் பிடித்தபடி வந்து, டைகர் எதிரே நின்றுதான் கண்ணைத் திறப்பார்கள். செவந்தி அக்கா வாய்தாவுக்குப் போகிற அன்றெல்லாம் வந்தது. கேஸ் ஜெயித்ததும் ஒரு கோழியே கொண்டுவந்து கொடுத்தது. நீ போன பிறகு நம் வீட்டில் இவ்வளவு பேச்சுச் சத்தம் கேட்டதே இல்லை அருளு. எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். இப்போது என் டீ நன்றாக இருக்கிறது என்று ஊரே சொல்கிறது.

இந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது புரட்டாசியில். பைக்கில் ஒருத்தன் வந்தான், இலுப்பூர்ப் பக்கம் என்றான். நரியைப் பார்த்து "ச்சு ச்சு" என்றான். இது வாலைக் குழைத்துக்கொண்டு போய் அவன் கையை நக்கியது. அவன் என்னிடம், "பல்லு வாங்க ஆளு இருக்கு, வாலு வாங்கவும் ஆளு இருக்கு. நீங்க கேக்குறத தாரேன். ஒங்க கண்ணு முன்னால எதுவும் செய்யமாட்டேன், பயப்படாதீங்க" என்றான். வெளியே போடா என்று விரட்டிவிட்டேன். ஆனால் அவன் சிரித்துக்கொண்டே போனான்.

பாரஸ்ட் ஆபீசில் சொன்னால் கேஸ் போடுவார்கள், பேசாமல் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடு என்றான் செம்மல். விட்டால் என்ன ஆகும்? யார் கூப்பிட்டாலும் போய்விடும். அப்படி அதைப் பழக்கியது நான்தானே. மறுநாள் நானே பாரஸ்ட் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

திலகவதி என்று ஒரு வனவர் அம்மா ஜீப்பில் வந்தது. நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன். "தெரியாம எடுத்தீங்க, சரி. நரின்னு தெரிஞ்ச அன்னிக்கே சொல்லணுமா இல்லையா? புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டந்தாங்க இதுக்கும்" என்றது. இதன் பெயரே டைகர்தான் என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். எழுதி வாங்கிக்கொண்டு, எச்சரித்து விட்டுவிட்டார்கள். கவலைப்படாதே, கேஸ் இல்லை. எனக்கு நாய்க்கடி ஊசி போட்டார்கள்.

டைகரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய், அவர்கள் இடத்தில் காட்டை ஒட்டிப் பெரிய வேலி போட்டு அதில் விட்டார்கள். மனுசப் பழக்கம் மறக்க வேண்டும் என்று ஆள் முகமே காட்டாமல் இரை போட்டார்களாம். என் துண்டையாவது உள்ளே போடுங்கள் என்று கேட்டேன். "ஒங்க வாடையே அதுக்கு ஆகாதுங்க அய்யா" என்று அந்த அம்மா சொல்லிவிட்டது.

கார்த்திகை கடைசியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். மிருக டாக்டரும் இருந்தார். நான் கூப்பிட்டு அது ஓடி வந்தால் வெளியே விட முடியாது, காலம் பூரா கூண்டுதான் என்றார்கள். வராவிட்டால் காட்டுக்கு. நான் மெல்லமாக டைகர் என்றேன். "வீட்ல எப்பிடிக் கூப்புடுவீங்களோ அப்பிடிக் கூப்புடுங்க, ஏமாத்தாதீங்க" என்றது திலகவதி அம்மா. என்ன செய்ய? அங்கே கிடந்த தட்டை எடுத்துத் தட்டி, "டைகரு, வாடா, மீனு" என்று வாய்விட்டே கூப்பிட்டேன். புதருக்குள்ளிருந்து காது இரண்டும் தெரிந்தது. ஒரு எட்டு முன்னால் வைத்தது. மாதாவே, வரக்கூடாது, வரக்கூடாது என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே வாயால் கூப்பிட்டேன். மூக்கை நீட்டி மோந்து பார்த்தது. அப்படியே திரும்பிப் போய்ப் புதருக்குள் படுத்துக்கொண்டது. எவ்வளவு தட்டியும் வரவில்லை.

டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, ஆனால் அது துக்கம் இல்லை. பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்து சீட்டுக்காரர் ஒருமாதிரி பார்த்தார். நார்த்தாமலைப் பக்கத்துக் காட்டில் விட்டுவிட்டதாகப் பிறகு போன் வந்தது. ஜீப் கதவைத் திறந்ததும் ஒரே ஓட்டமாம், திரும்பியே பார்க்கவில்லையாம்.

நம் வெள்ளாடு இரட்டைக்குட்டி போட்டிருக்கிறது. கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கிறது. கடலை போடலாம் என்றிருக்கிறேன்.

போன வாரம் நீ ஒன்று கேட்டாய். அந்த வீட்டு அம்மா இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்று. உன் இஷ்டம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது உன் இஷ்டமாக இருக்கலாம், என் இஷ்டம் இல்லை அருளு. ஈஸ்டருக்கு வா. வந்து நான் போடுகிற டீயைக் குடித்துப் பார். பிறகு நீ என்ன சொன்னாலும் சரி.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன்
மைக்கேல்சாமி